பழைய காரும் பேட்டரியும்: குற்றம் எங்கே இருக்கிறது?

விடியற்காலை 5 மணி. பிரட்டுக்குச் செல்ல நேரமாகிவிட்டது. லயத்துக்கு வெளியே நிற்கும் பழைய காரில் அமர்ந்து சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்னும் ஓர் ஒலி மட்டுமே கேட்கிறது, இயந்திரம் அசையவில்லை. அக்கம்பக்கத்தார் கூடித் தள்ளிவிடுகின்றனர். அன்று மாலையே டவுனுக்குச் சென்று 200 வெள்ளியளவில் செலவழித்துப் புதிய பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். இரண்டு மாதங்கள் கழித்து அதே ‘டிக்’ ஒலி மீண்டும் கேட்கிறது.

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் இது புதிய காட்சியன்று. குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லப் பல கிலோமீட்டர் செம்மண் பாதையைக் கடக்க வேண்டியுள்ளது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, பிரசவ வலி எடுத்தாலோ, வாசலில் நிற்கும் கார்தான் துணை. அது புதிய காராக இருப்பதும் அரிது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்றவை கைமாறிக் கைமாறித் தோட்டங்களுக்கு வந்து இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. முதல் சாகாவின் வழிவந்த கார்கள் 2008 வரையில் தயாரிக்கப்பட்டமையால் அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் எளிது. கார் பழையது என்பதற்காக வருந்த வேண்டியதில்லை. பழைய காரில் குற்றத்தைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் கண்டுபிடிக்க முடியும்; கணிப்பொறி தேவையில்லை.

ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். பேட்டரி மின்சாரத்தை உண்டாக்கிக் கொடுக்கும் ஊற்று அன்று. சேமித்து வைக்கும் தொட்டி. தொட்டி வறண்டு கிடந்தால் தொட்டி ஓட்டையாக இருக்கலாம்; தொட்டிக்கு நீர் கொண்டுவரும் குழாய் அடைபட்டிருக்கலாம்; யாரோ ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்திருக்கலாம். மூன்றையும் பாராமல் புதிய தொட்டி வாங்குவது வீண் செலவு.

இக்கட்டுரையாளரே அவ்வீண் செலவைச் செய்தவர்தாம். எட்டு மாதங்களில் இரண்டு பேட்டரிகள் வாங்கிய பிறகும் காலையில் கார் கிளம்ப மறுத்தது. பேட்டரியை விற்ற பட்டறையில் ஒருவரும் அளவுமானியை எடுத்து ஒருமுறையேனும் அளந்து பார்க்கவில்லை. இறுதியில் தோட்டத்து டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் ஒரு முதியவர் பானெட்டைத் திறந்து, இயந்திரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவேயிருந்த ஒரு செப்புப் பட்டையைச் சுட்டிக்காட்டினார். அது பச்சை பூத்து, நூல் நூலாக அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்ற 20 வெள்ளி கூடச் செலவாகவில்லை.

அப்பட்டை ஏன் அத்துணை முக்கியமானது என்பதை இரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்வோர் எளிதில் புரிந்துகொள்ளலாம். காரின் இயந்திரம் நேரடியாக இரும்புச் சட்டத்தின்மீது உட்கார்ந்திருக்கவில்லை. அதிர்வைத் தாங்குவதற்காகத் தடித்த இரப்பர்க் கட்டைகளின்மீது அமர்த்தப்பட்டுள்ளது. இரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றிவிட்டுக் காரின் உடல் வழியாக எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். இரப்பர் மறித்து நிற்பதால், அத்திரும்பும் வழியை அந்தச் செப்புப் பட்டையோ தடித்த கம்பியோதான் அமைத்துத் தருகிறது. பட்டை கெட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். சில வேளைகளில் கிளட்ச் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி ஆகியவற்றின் வழியே ஓடி அவற்றைச் சுடச்செய்யும். கார் கிளம்பாத காலையில் கிளட்ச் கம்பி சூடாக இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாமல் பட்டையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

தலைவிளக்குச் சொல்லும் செய்தி

குற்றத்தைக் கண்டறிய முதற்கருவி உங்கள் காரிலேயே இருக்கிறது. தலைவிளக்கைப் போட்டு, காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கொளியைப் பார்த்தவாறு சாவியைத் திருப்புங்கள். கியர் நடுநிலையில் இருத்தல் வேண்டும். கைப்பிரேக்கும் போட்டிருக்க வேண்டும்.

விளக்குத் தொடக்கத்திலேயே மஞ்சளாக மங்கி எரிந்தால் பேட்டரியில் மின்சாரம் இல்லை. விளக்கு நன்றாக எரிந்து, சாவியைத் திருப்பியதும் அடியோடு அணைந்தால், பேட்டரி முனைகளில் தொடர்பு சரியில்லை என்று ஐயுறலாம். பேட்டரி வலுவிழந்திருப்பதும் காரணமாகலாம். விளக்கு நன்றாக எரிந்து, சாவியைத் திருப்பியும் ஒளி சற்றும் குறையாமல் அப்படியே இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவே இல்லை என்பது பொருள். அப்போது பேட்டரியை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. ஸ்டார்ட்டரையும், அதற்குச் செல்லும் கம்பிகளையும், சாவித்துளைக்குப் பின்னுள்ள சுவிட்சையும் பார்க்க வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காராயின், கியர்க்கோல் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். இதைப் பாராமல் பட்டறைக்கு ஆள் அனுப்பியவர்களும் உண்டு.

இயந்திரம் விறுவிறுவென்று சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் அது பேட்டரியின் குற்றமே அன்று. தீப்பொறி உண்டாக்கும் பகுதியிலோ பெட்ரோல் வரும் வழியிலோ தடங்கல் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த விடியலில் பழைய கார்கள் இவ்வாறு அடம்பிடிப்பது வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள் ஈரம் படிந்திருக்கும். அதைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்துப் பொருத்தினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். கிளம்பாத காரில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பேட்டரியைக் காலி செய்வதுதான் நாம் செய்யும் தவறு. ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் திருப்பாமல், இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

மின்சாமான் கடைகளில் கையடக்கமான மின் அளவுமானி சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஒரு லயத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அதை 20 வோல்ட் நேர்மின்சாரம் என்னும் இடத்தில் திருப்பி வைத்து, சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் வைத்தால் எண் தெரியும்.

12 வோல்ட் பேட்டரி என்று பெயரே தவிர, நன்கு மின்னேற்றம் பெற்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். அதனுள் ஆறு அறைகள் உள்ளன. ஓர் அறைக்கு 2.1 வோல்ட். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த காரில், காலையில் சாவி போடுவதற்கு முன்னர் அளப்பதே சரி. 12.4 என்றால் முக்கால் அளவும், 12.2 என்றால் பாதியளவும் மின்சாரம் இருக்கிறது. 12க்குக் கீழ் இறங்கிவிட்டால் பேட்டரி ஏறக்குறைய வறண்டுவிட்டது. 10.5 வோல்ட் போல ஓர் எண் காட்டி, மின்னேற்றம் செய்தும் ஏறவில்லையாயின் ஓர் அறை முற்றும் கெட்டிருக்கக் கூடும். அத்தகைய பேட்டரியை மீட்க முடியாது.

அளவு 12.6 இருந்துவிட்டால் மட்டும் பேட்டரி நல்லது என்று முடிவு செய்துவிடலாகாது. உழைக்கும்போது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் சில விநாடிகளில் 100 ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் இழுக்கிறது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் அளவுமானியைப் பார்க்கட்டும். எண் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி வலுவிழந்துவிட்டது. விழாமல் நின்றும் இயந்திரம் மந்தமாகச் சுற்றினால் குற்றம் கம்பிகளிலோ ஸ்டார்ட்டரிலோ உள்ளது.

முன்னர்க் கூறிய செப்புப் பட்டையையும் இதே அளவுமானியால் சோதிக்கலாம். கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்புக் கம்பியை இயந்திரத்தின் துருப்பிடிக்காத இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். திரும்பும் வழி சீராக இருந்தால் எண் 0.3 வோல்ட்டைத் தாண்டாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டுமாயின், பேட்டரி கொடுப்பதில் அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது. இச்சோதனையைச் செய்ய ஒரு நிமிடம் போதும். இதைச் செய்திருந்தால் இக்கட்டுரையாளருக்கு ஒரு பேட்டரியின் விலை மிஞ்சியிருக்கும்.

முனைகளும் நீரும்

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் பேட்டரிக்கு உகந்தவையல்ல. குளிர்நாடுகளில் பல ஆண்டுகள் உழைக்கும் பேட்டரி இங்கே இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் தகடுகள் விரைவாக அரிக்கப்படுகின்றன. நீரும் விரைவாக வற்றுகிறது. செம்மண் பாதையின் குலுக்கல் எஞ்சியதைச் செய்துவிடுகிறது. பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கட்டு தளர்ந்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அது குதித்து, தகட்டில் பூசிய பசை உதிர்ந்து அடியில் தங்கி, அறைக்குள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கும். கட்டு காணாமற்போன கார்களில் பேட்டரியைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பதைக் காண்கிறோம். அது போதாது.

முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பூத்துக் கிடக்கும் பொடியைக் கையால் தொட வேண்டாம். அது அமிலம் கலந்தது. ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தால் நுரைத்துக் கரைந்துவிடும். அக்கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் கவ்வியைக் கழற்றி, முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பொருத்தி, மேலே சிறிது வாசலைன் அல்லது கிரீஸ் தடவுங்கள். முதலில் தடவிவிட்டுப் பின்னர்ப் பொருத்துவது தலைகீழான வேலை.

கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். பொருத்தும்போது அதைக் கடைசியில் பொருத்த வேண்டும். காரணம் இதுதான்: காரின் உடல் முழுவதும் எதிர்முனையுடன் இணைந்துள்ளது. நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலில் பட்டால், பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஸ்பேனர் வழியே பாய்ந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய காரை இன்றும் போற்றி வைத்திருப்போர் முதலில் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூடியுள்ள பேட்டரியாயின் மாதம் ஒருமுறை நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இரு கோடுகள் இருக்கும். மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். இங்கே மற்றோர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பேட்டரிக்குள் இருப்பது அமிலம்தானே என்று எண்ணி, பால் உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் பேட்டரி கெட்டுவிடும். பேட்டரியில் உள்ளது கந்தக அமிலம். இரண்டும் வேறு வேறு. மேலும், பேட்டரியிலிருந்து வற்றுவது நீர்தானே அன்றி அமிலம் அன்று. ஆகவே அமிலமே வடிந்து கொட்டினால் ஒழிய எவ்வகை அமிலமும் ஊற்ற வேண்டியதில்லை.

பால் கொட்டகையில் அமிலத்தைக் கையாண்டு பழகியவர்களுக்கு அதன் தீமையை விளக்க வேண்டியதில்லை. எனினும் கந்தக அமிலம் அதனினும் கொடியது. கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதைவிட மறைவான ஆபத்து வாயு. மின்னேறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. ஒரு தீப்பொறி போதும், அது வெடித்து அமிலத்தை முகத்தில் வீசிவிடும். நீர் மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துவதும், வாயில் சிகரெட்டோடு குனிவதும் கூடாது. ஒரு காலத்தில் வெட்டுக்குச் செல்வோர் கார்பைடு விளக்கை ஏந்திச் சென்றனர். அவ்விளக்கின் சுடரும் பேட்டரியும் அருகருகே இருக்கத் தகாதவை. இன்று நெற்றியில் கட்டும் மின்விளக்கு உள்ளமையால் இருட்டிலும் அச்சமின்றிப் பார்க்கலாம்.

மின்னாக்கியும் அதன் பெல்டும்

ஓடும் காரில் மின்சாரத்தை உண்டாக்குவது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அது காருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்து, பேட்டரியையும் நிரப்புகிறது. இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே நின்றால் மின்னேற்றம் நடைபெறவில்லை. 15ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டுவது தவறு.

இயக்கமானி இருக்கும் பலகையில் பேட்டரி வடிவிலான சிவப்பு விளக்கொன்று உண்டு. சாவியைப் போட்டதும் அது எரிய வேண்டும். இயந்திரம் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் குற்றம் என்பதை எல்லாரும் அறிவர். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அதுவும் குற்றம்தான் என்பதைப் பலர் அறியார். பல பழைய கார்களில் அவ்விளக்கின் வழியாகச் செல்லும் சிறிதளவு மின்சாரமே ஆல்டர்னேட்டரைத் துயிலெழுப்புகிறது. சில காசு விலையுள்ள அந்தப் பல்பு எரிந்துபோனதால் பேட்டரி நிரம்பாமல் கிடந்த கார்கள் உண்டு.

ஆல்டர்னேட்டர் கெட்டது என்று பட்டறையார் கூறுமுன் பெல்டைப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமிழ வேண்டும். அதைவிடத் தொய்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும். மழைநாளில் கீச்சென்று கத்தும். உட்புறத்தில் வெடிப்புக் கண்ட பெல்டையும் பளபளவென்று வழவழத்த பெல்டையும் மாற்றிவிடுவதே நல்லது. பெல்ட் சரியாக இருந்தும் மின்னேற்றம் இல்லையெனில், ஆல்டர்னேட்டருக்குள் தேய்ந்துபோகும் கரிக்கட்டைகளை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். முழு ஆல்டர்னேட்டரின் விலையில் அது மிகச் சிறு பங்கு.

பழைய பட்டறைக்காரர்கள் சிலர், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரிக் கவ்வியைக் கழற்றிவிட்டு, இயந்திரம் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று தீர்ப்புக் கூறுவதுண்டு. டைனமோ இருந்த காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் அவ்வாறு கழற்றினால் மின்னழுத்தம் திடீரென்று எகிறி, அதனுள்ளிருக்கும் டையோடுகளைக் கருக்கிவிடும். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிட்டு, கெட்டுவிட்டது என்று கண்டுபிடிக்கும் சோதனை இது. யாரேனும் அதைச் செய்ய முனைந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

இரவில் ஒழுகும் மின்சாரம்

பேட்டரியும் நல்லது, மின்னேற்றமும் சரி. ஆயினும் இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் கார் கிளம்புவதில்லை. இதுவே ஒழுகல். மறந்துபோன தலைவிளக்கு இவற்றுள் மிக எளியது: இரு விளக்குகளும் பின்விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவு இழுக்கும், சாகா போன்ற கார்களின் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி கோயில் திருவிழா முடிந்து நாம் திரும்புவதற்குள் வறண்டுவிடும். அரை ஆம்பியர் மட்டும் ஓசையின்றி ஒழுகினாலும் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். மூன்றாம் நாள் பேட்டரியில் ஒன்றும் இராது.

கண்டுபிடிக்கும் வழி இது. சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, எதிர்முனைக் கவ்வியைக் கழற்றுங்கள். அளவுமானியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, முனைக்கும் கவ்விக்கும் இடையே இணையுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய காரில் 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடாது. மிகுதியாக ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்த ஃபியூஸை எடுத்தவுடன் எண் குறைகிறதோ அந்த வழியில்தான் குற்றம். இச்சோதனை நடக்கும்போது மறந்தும் காரைக் கிளப்ப முயலக் கூடாது, அளவுமானி கெட்டுவிடும். அளவுமானி இல்லாதோர் 12 வோல்ட் பல்பு ஒன்றை அதே இடத்தில் இணைத்தும் பார்க்கலாம். பிரகாசமாக எரிந்தால் ஒழுகல் பெரிது.

குற்றவாளி பெரும்பாலும் காரோடு வந்ததாக இராது. பிற்பாடு நாம் சேர்த்ததாகவே இருக்கும். வானொலி, ஒலிபெருக்கி, திருட்டெச்சரிக்கை மணி, கூடுதல் விளக்குகள் ஆகியவற்றை ஃபியூஸ் இன்றி நேரே பேட்டரியிலிருந்து இழுத்துவிடுவது தவறான பழக்கம். பின்பெட்டியின் சிறு விளக்கு மூடியபின்னும் எரிந்துகொண்டிருப்பதும் உண்டு. லயத்தருகே நிறுத்தும் கார்களில் எலி கடித்த கம்பிகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றியோ கம்பியைச் செருகியோ சமாளிப்போரைப் பார்க்கிறோம். ஃபியூஸ் தான் எரிந்து கம்பியைக் காக்கிறது. அதற்கு மாற்றாகத் தாளைச் செருகினால் அடுத்துச் சூடாகி எரிவது கம்பி. அதையடுத்து எரிவது கார். பலகை லயங்களின் ஓரமாகக் கார் நிறுத்தும் நமக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

பிற வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்தல்

கார் கிளம்பாதபோது மற்றொரு வண்டியின் பேட்டரியோடு கம்பி இணைத்துக் கிளப்புவது எல்லாரும் அறிந்த உதவி. ஆனால் தோட்டத்து லாரியை அழைக்குமுன் அதன் மின்னழுத்தத்தைக் கேட்டறியுங்கள். பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் அமைப்பு வைத்திருப்பார்கள். அதைக் காருடன் இணைத்தால் விளக்கும் வானொலியும் ஆல்டர்னேட்டரும் கருகக் கூடும்; பேட்டரி வெடிக்கவும் கூடும்.

12 வோல்ட் வண்டியே என்று உறுதியானபின், சிவப்புக் கம்பியின் ஒரு நுனியை வறண்ட பேட்டரியின் நேர்முனையிலும் மறு நுனியை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் இணையுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் இணைத்து, அதன் மறு நுனியைக் கிளம்பாத காரின் இயந்திர இரும்பில், பேட்டரிக்குத் தொலைவாகக் கவ்வ விடுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அது பேட்டரியின் வாயுவருகே பறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கார் கிளம்பியபின் இணைத்த வரிசைக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும்.

கையால் கியர் மாற்றும் காராயின் தள்ளிக் கிளப்பலாம். தானியங்கிக் கார் தள்ளினால் கிளம்பாது. எவ்வாறு கிளப்பினாலும், கடை வரையில் போய் வருவதால் வறண்ட பேட்டரி நிரம்பிவிடாது. பட்டறையில் கொடுத்து இரவு முழுவதும் மெதுவாக மின்னேற்றுவதே முறை. வறண்ட நிலையிலேயே பல நாள் விட்டுவைத்தால், தகடுகளில் ஈய உப்பு இறுகிப் படிந்து பேட்டரி நிலையாகக் கெட்டுவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்களை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் பத்து பஹாட், சிகாமட் வட்டாரங்களில் வந்த வெள்ளத்தையும் ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் ஏறும் என்ற எச்சரிக்கை கிடைத்ததும் காரை மேட்டுக்குக் கொண்டு செல்ல முடியாவிட்டால், எதிர்முனைக் கவ்வியையேனும் கழற்றிவிடுங்கள். மின்சாரம் ஓடும் கம்பியின் முனைகள் நீரில் மிக விரைவாக அரித்துப்போகும். நீர் வடிந்தபின் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவது பெருந்தவறு. இயந்திரத்துக்குள் நீர் புகுந்திருந்தால் உள்ளுறுப்புகள் வளைந்து முறியும். முதலில் எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது, பட்டறைக்குத்தான் இழுத்துச் செல்ல வேண்டும். வெளுக்கவில்லையெனினும் காற்றுவடிகட்டி நனைந்திருக்கிறதா என்று பார்த்து, மின் இணைப்புகளைப் பிரித்துச் சுத்தமான நீரால் சேற்றைக் கழுவி நன்கு உலர்த்தியபின்தான் பேட்டரியை இணைக்க வேண்டும்.

வாங்கும்போதும் கழிக்கும்போதும்

எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு பேட்டரிதான் கெட்டது என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணையும் எழுத்துகளையும் ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். ஒரே அளவுள்ள பேட்டரியிலும் நேர்முனை இடப்புறம் உள்ளதும் வலப்புறம் உள்ளதும் என இரு வகை உண்டு. மாற்றி வாங்கினால் கம்பி எட்டாது. இழுத்து எட்டவைத்து முனை மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டர் அந்த நொடியே கருகும். தயாரித்த தேதி எது என்று கேட்டு, உத்தரவாதச் சீட்டில் தேதி குறித்து முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியைச் சும்மா விட்டுவர வேண்டாம். அதிலுள்ள ஈயம் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தப்படுவதால் அதற்கு விலை உண்டு. கடைக்காரர் எடைக்கேற்பக் கழித்துக்கொள்வார். மலேசியாவில் 2005ஆம் ஆண்டுக் கழிவுப்பொருள் விதிமுறைகளின்படி ஈய பேட்டரி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகும். அதன் அமிலத்தைக் கால்வாயிலோ மரத்தடியிலோ கொட்டலாகாது. ஆற்றில் மீன் பிடிக்கும் வலைக்குக் குண்டு வார்ப்பதற்காகப் பழைய பேட்டரியை உடைத்து, அடுப்பில் ஈயத்தை உருக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்துள்ளது. அப்புகையிலும் சாம்பலிலும் உள்ள ஈயம் வீட்டுத் தரையில் படிந்து, தவழும் குழந்தைகளின் கை வழியாக வயிற்றுக்குள் போய், மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. நெடுநாள் வரையில் வெளியே தெரிவதும் இல்லை. வலைக்குண்டு மீன்பிடிச் சாமான் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.